இல்போவின் வலது முட்டி

கல்லியோலா ஐஸ் ஹாக்கி அணியின் உடைமாற்றும் அறையில் இல்போ கார்யுலாவுக்கு ஒரு மூலை உண்டு. அந்த மூலையை அவன் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அங்கே உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் சுவர்தான் இருக்கும், ஆள் இருக்காது. தன் மட்டையை வேறு யாரும் தொட விடமாட்டான். தொட்டால் என்ன ஆகும் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது, ஆனால் தொடக் கூடாது. தண்ணீர் பாட்டிலை மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பான். இவனை வைத்துக்கொண்டு மற்றவர்கள் அடித்த கூத்துக்கு அளவே கிடையாது. ஒருநாள் அவன் காலணிக்குள் ஒரு துண்டுக் காகிதத்தை மடித்து வைத்திருந்தார்கள். பிரித்தால் ஒன்றுமே எழுதியிருக்காது. அந்த வெற்றுக் காகிதத்தை வைத்துக்கொண்டு அவன் ஒரு வாரம் ஒவ்வொருத்தன் முகமாகப் பார்த்துக்கொண்டு திரிந்தான்.

பிறவியிலேயே இப்படி இல்லை. அப்பா காகித ஆலையில் வேலை பார்த்தவர். ஆலைக்குப் பின்னால் இருந்த குளம் உறைந்ததும் பையன் அதிலேயே கிடப்பான். பதினாறு வயதில் ஊர் அணியின் சட்டை கிடைத்தது. தற்காப்பு ஆட்டம்தான். கோல் போட்டுப் பெயர் வாங்குகிற சோலியெல்லாம் கிடையாது. எதிராளியைத் தளத்தைச் சுற்றியிருக்கிற வேலிப் பலகையோடு வைத்து நசுக்குவது, எதிரே பறந்து வருகிற ரப்பர் வட்டுக்குக் குறுக்கே போய் விழுவது, இதுதான் வேலை. இருபத்திரண்டு வயதில் அமெரிக்காவுக்குக் கூப்பிட்டார்கள். பெரிய அணி இல்லை, பஸ்ஸிலேயே தூங்கி பஸ்ஸிலேயே சாப்பிடுகிற சின்ன அணி. அங்கே ஒரு ஆட்டத்தில் தலையில் அடி. அறைக்கு வந்து வாந்தி எடுத்தான். கூடத் தங்கியிருந்தவனிடம் மட்டும், "வெளியே சொல்லாதே" என்றான். மறுநாள் காலையில் கோச்சுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த வாரம் கையில் விமான டிக்கெட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அறைக்குள் நுழைந்த யாருக்கும் அந்த நாற்றமே சொல்லியிருக்கும். இல்போ அதை ஒப்புக்கொள்ள மாட்டான். கூடப் படுத்தவன்தான் காட்டிக்கொடுத்தான் என்பது அவன் கணக்கு. அன்றைக்கு ஒருத்தன் மேல் வந்த சந்தேகம், கல்லியோலா திரும்பிய பிறகு ஊர் முழுக்கப் படர்ந்தது.

இதிலிருந்து தப்பித்தது மார்யுத் மட்டும்தான். பல் மருத்துவமனையில் உதவியாளராக இருந்தாள். முன்பல் இரண்டும் போய் ரத்த வாயோடு வந்தவனிடம், "வாயைத் திற" என்றாள். இல்போ மனசு விட்டு வாயைத் திறந்தது முதன்முதலில் அவளிடம்தான். கல்யாணம் ஆகிப் பதினோரு வருஷம் வரைக்கும் வீட்டுக்குள் மட்டும் அவன் சுவரைத் தேடி உட்காரவில்லை.

ஒரே ஒரு சங்கடம். மார்யுத் ஏரிக்கு அக்கரையில் இருக்கிற ஹார்யுவேசி ஊர்க்காரி. அவள் தம்பி ஓலவி அந்த ஊர் அணிக்கு ஆடுகிறான். இரண்டு ஊருக்கும் ஆகவே ஆகாது. அதனால் அந்தக் குடும்பத்தில் சாப்பாட்டு மேசையில் ஹாக்கி பேசக் கூடாது என்று மாமியார் சட்டம் போட்டிருந்தாள். சட்டம் பல வருஷம் நன்றாகத்தான் ஓடியது.

அந்த வருஷம் மார்ச் மாதம் இரண்டு ஊரும் கால் இறுதியில் மோதின. ஐந்து ஆட்டத்தில் மூன்று ஜெயித்தவன் மேலே போவான். இல்போவுக்கு முப்பத்து நாலு வயது. ஒப்பந்தம் அந்தக் கோடையோடு முடிகிறது. அணி மேலாளரிடம் கேட்டதற்கு, "தொடர் முடியட்டும் இல்போ, பேசுவோம்" என்றார்.  ஹாக்கியை விட்டால் ஆலைதான். ஆலையிலோ ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் ஆட்டம் ஜெயித்தார்கள். ஆனால் இல்போவின் இடது தோள் இறங்கிவிட்டது. மார்ச் மாதத்தில் காயத்தை யாரும் வெளியே சொல்வதில்லை. பத்திரிகைக்காரன் கேட்டால் "மேலே ஏதோ" என்பார்கள், அல்லது "கீழே ஏதோ" என்பார்கள். எதிரிக்கு இடம் தெரிந்தால் அந்த இடத்திலேயே போட்டுச் சாத்துவான். அதைத் தப்பென்றும் யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் இல்போ பழைய வித்தையைச் செய்தான். நல்லா இருக்கிற வலது மணிக்கட்டில் பட்டையாக வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டான். அடிக்கிறவன் அங்கே அடிக்கட்டும். தோள் விஷயம் தெரிந்தவர்கள் டாக்டர், சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் தௌனோ, கூட ஆடுகிற ராவ்லி, அப்புறம் சட்டையைக் கழற்றிவிட வேண்டியிருந்ததால் மார்யுத்.

சனிக்கிழமை மாமியாருக்கு அறுபதாவது பிறந்தநாள். அக்கரைக்குப் போனார்கள். சால்மன் சூப், ரை ரொட்டி, ஏலக்காய் போட்ட புல்லா பன், காபி. ஓலவியும் வந்திருந்தான். யாரும் ஹாக்கி என்ற வார்த்தையை எடுக்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் ஓலவி ஏரிக்கரையில் இருந்த சவுனாவுக்கு, நீராவிக் குளியல் குடிலுக்கு, விறகு போட்டுவிட்டு வந்தான்.

"அத்தான், நல்லா சூடாயிடுச்சு. வாங்க, போய் வேர்த்துட்டு வருவோம்."

இல்போவின் தோள் நாவல்பழ நிறத்தில் இருந்தது. சவுனாவில் சட்டையோடு உட்கார முடியுமா?

"நீ போடா மச்சான். எனக்கு ஜலதோஷம்."

"ஜலதோஷத்துக்குத்தானே அத்தான் சவுனா?"

"நெஞ்சுல கட்டியிருக்குடா. வேணாம்."

மாமியார் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "மாப்ள, உடம்புக்கு நெசமாவே ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல அத்தே. சளிதான்." அவர்கள் நம்புவதற்காக இரண்டு தடவை இருமியும் காட்டினான். காபியைக் குடித்துவிட்டு, கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, மார்யுத்தைக் கூட்டிக்கொண்டு கிளம்பினான். எல்லோரையும் ஏமாற்றிவிட்டோம் என்று காரில் அவனுக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

இரண்டாவது ஆட்டம் ஹார்யுவேசியில். வெள்ளைத் துணி சுற்றிய மணிக்கட்டை ஒருத்தன்கூட ஏறெடுத்துப் பார்க்கவில்லை. முதல் நிமிஷத்திலிருந்தே இடது தோள்தான். ஒருத்தன் பலகையில் வைத்து நசுக்கினான், இன்னொருத்தன் மட்டைக் கட்டையால் இடித்தான். ஓலவியும் வந்து, அக்கா புருஷன் என்று பார்க்காமல் அதே தோளில் ஒன்று கொடுத்துவிட்டுப் போனான். இல்போவுக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. ஆட்டத்திலும் தோற்றார்கள்.

யாரோ சொல்லியிருக்கிறார்கள்!

அதற்குப் பிறகு அவன் நிம்மதியாகச் சோறு தின்னவில்லை. தௌனோவின் தங்கையை ஹார்யுவேசியில் கட்டிக்கொடுத்திருக்கிறது என்பது திடீரென்று ஞாபகம் வந்தது. டாக்டர் இரண்டு ஊருக்கும் பொதுவான ஆள். ராவ்லியைப் பயிற்சியின்போது கண்கொத்திப் பாம்பு மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில் ராவ்லிக்கே பொறுக்கவில்லை.

"என்னடா, காலையிலேர்ந்து என்னையே முறைக்கிற?"

"ஒண்ணுமில்ல."

"உன் தோளை நான் வித்துட்டேன்னு நினைக்கிறியா? அடேய், உன்னை முழுசா சும்மா குடுத்தாலே எவனும் வாங்கமாட்டான். தோளை மட்டும் எவன்டா காசு குடுத்து வாங்குவான்?"

எல்லோரும் சிரித்தார்கள். ராவ்லிக்குச் சிரிப்பு கொஞ்சம் அதிகமாகவே வந்ததாக இல்போவுக்குப் பட்டது.

அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்குள் நுழையும்போது மார்யுத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். இவனைப் பார்த்ததும், "சரி, வச்சிடறேன்" என்று வைத்துவிட்டாள்.

"யாரு?"

"ஓலவி."

"என்னவாம்?"

"அம்மாவுக்கு ரத்த அழுத்தமாம். பிறந்தநாளுக்குத் தின்ன உப்பு மீன் வேலை."

இது தினமும் நடக்கிற பேச்சுதான். அக்காவும் தம்பியும் பேசாமல் யார் பேசுவார்கள்? ஆனால் அன்றைக்கு இல்போவின் மண்டைக்குள் ஏதோ புகுந்துகொண்டது. தௌனோ, டாக்டர், ராவ்லி எல்லாரும் ஒரே நொடியில் விடுதலையானார்கள். பதினோரு வருஷமாக அவன் சந்தேகப்படாமல் விட்டுவைத்திருந்த ஒரே ஆள் அங்கே நின்று காபிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். அவளைச் சோதித்துப் பார்த்துவிடுவது என்று அப்போதே முடிவு செய்தான். அந்த முடிவை நினைத்தால் ஊர்க்காரனான எனக்கு இன்றைக்கும் அவன் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலத்தான் இருக்கிறது.

"மார்யுத், தோள் தேவலை" என்றான். "இப்ப வலது முட்டிதான் போச்சு. காலை மடக்கவே முடியல. டாக்டருக்கே தெரியாது. உங்கிட்டதான் சொல்றேன். இதுல ஒரு அடி பட்டுச்சுன்னா அதோட நான் அவ்வளவுதான்."

அவள் முகம் செத்துப்போனது. அவனைப் படுக்க வைத்து, ஐஸ் பெட்டியில் இருந்த காட்டுப்பழப் பையை எடுத்துத் துணியில் சுற்றி முட்டியில் வைத்தாள். ஒரு குறையும் இல்லாத முட்டி குளிரில் விறைத்துப்போனது. கட்டிலோரமாகத் தரையில் உட்கார்ந்து, அந்தக் காலைத் தடவிக்கொண்டே, "இந்த வருஷத்தோட போதுமே இல்போ" என்றாள். "நடக்கிறதுக்காவது ஒரு கால் வேணாமா?" அவன் கண்ணை மூடிக்கொண்டு, என்னை அணியிலிருந்து கழற்றிவிடப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

மூன்றாவது ஆட்டம் உள்ளூரில். இல்போ வேண்டுமென்றே வலது காலைக் காட்டிக் காட்டி ஆடினான். யாரும் அதைச் சட்டை பண்ணவில்லை. எல்லா அடியும் தோளுக்குத்தான். அப்படியென்றால் மார்யுத் சொல்லவில்லை என்று எந்த மனுஷனும் நிம்மதியாகியிருப்பான். இவனும் ஆகத்தான் பார்த்தான். ஆனால் ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் ஒன்று நடந்தது. மூலையில் குனிந்து இல்போ வட்டை எடுக்கிறான். எதிரே ஓலவி முழு வேகத்தில் வருகிறான். இல்போவின் கால் இரண்டும் அகன்று, தடுக்க ஆளில்லாமல் இருக்கிறது. இடுப்பைத் தாழ்த்தி ஒரு இடி கொடுத்தால் போதும், முட்டி காலி. அந்த நிலையில் எந்த ஆட்டக்காரனும் விடமாட்டான். ஓலவி விட்டான். கடைசி நொடியில் சறுக்கி ஒதுங்கி, தானே பலகையில் போய் மோதிக்கொண்டான். கிடைத்த இடைவெளியில் இல்போ வட்டை ராவ்லிக்குத் தள்ள, ராவ்லி கோலாக்கினான். கல்லியோலா ஜெயித்தது.

ஹார்யுவேசியிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த கூட்டம் ஓலவியைப் பார்த்து ஊளையிட்டது. "அக்கா புருஷனுக்குப் பயந்தவன்!" என்று ஒருத்தன் கத்தினான்.

இல்போ கோலைக் கொண்டாடவில்லை. அவன் மண்டை வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. ஓலவி ஏன் ஒதுங்கினான்? முட்டி விஷயம் தெரிந்ததால்தான். எப்படித் தெரியும்? தொலைபேசி. முட்டி போன வழியில்தானே தோளும் போயிருக்கும்!

வீட்டுக்குப் போய் காலணியைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் நின்றான்.

"ஓலவிகிட்ட முட்டியைப் பத்திச் சொன்னியா?"

மார்யுத் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "சொன்னேன்" என்றாள்.

"தோளையும் நீதான் சொன்னே."

"இல்போ, நான் எதுக்குச் சொன்னேன்னு—"

"எதுக்குன்னு எனக்குத் தெரியும். ரத்தம் ரத்தத்தோடதானே சேரும். உன் தம்பி ஜெயிக்கணும், நான் ஆலையில மூட்டை தூக்கணும்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயே விசாரிச்சு நீயே தீர்ப்பும் எழுதிட்டே. அப்புறம் என்னை எதுக்குக் கூப்பிட்டு நிறுத்திக் கேள்வி கேக்குற?" என்றாள். பையை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். முட்டி வெறும் பொறி என்பதை இல்போ அப்போதும் சொல்லவில்லை. பொறி இன்னொரு தடவைக்கு உதவும் என்று வைத்துக்கொண்டான்.

நான்காவது ஆட்டம் மறுபடி ஹார்யுவேசியில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஓலவியை அவர்கள் களத்திலேயே இறக்கவில்லை. ஆட்டம் முழுவதும் ஓரப் பெஞ்சில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கல்லியோலா ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்து மேலே போனது.

தொடர் முடிந்ததும் இரண்டு அணியும் வரிசையாக நின்று கைகொடுக்க வேண்டும். வாரக்கணக்காக ஒருத்தரை ஒருத்தர் கொல்லப் பார்த்தவர்கள் அந்த வரிசையில் உள்ளதை உள்ளபடி பேசிக்கொள்வார்கள். விலா உடைஞ்சிருக்கா, எப்பத்திலேர்ந்து, நல்லா மறைச்சேடா என்று சிரித்துக்கொள்வார்கள். அதுவரைக்கும் ரகசியம், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஓலவி வரிசையின் கடைசியில் வந்தான். இல்போவின் கையைப் பிடித்துப் பலகை ஓரமாக இழுத்துக்கொண்டு போனான்.

"தோள் எப்படி இருக்கு அத்தான்?"

"அதை உனக்கு யாரு சொன்னாங்கன்னு மொதல்ல சொல்லு."

"நீங்கதான்."

"நானா?"

"சவுனா வேணாம்னீங்களே. எங்க வீட்டுல சவுனா வேணாம்னு சொன்ன ஆளு நீங்க ஒருத்தர்தான். அம்மா உங்களுக்குப் புத்துநோய்னு முடிவு பண்ணி அழுதுச்சு. நான் சவுனாவுக்குப் போற வழியில ஜன்னல் வழியா பார்த்தேன். கோட்டு போடும்போது இடது கையைத்தான் முதல்ல விட்டீங்க, ஊசியில நூல் கோக்கிற மாதிரி. அடிபட்ட கையைத்தானே முதல்ல நுழைப்போம்? நானும் ரெண்டு தடவை தோள் எறங்கினவன் அத்தான். அன்னைக்கே கோச்கிட்ட சொன்னேன். அது என் வேலை. அதுக்குக் கோவிச்சுக்காதீங்க."

இல்போ அவன் கையை இறுக்கிப் பிடித்தான். "அப்போ மார்யுத்?"

"அக்கா தோளைப் பத்தி மூச்சு விடல. முட்டியைத்தான் சொன்னா. போன்ல அழுதா. 'அவரு முட்டியில மட்டும் அடிச்சிடாதடா, உனக்குப் புண்ணியமாப் போகும்'னா. நான் அதை ஒருத்தர்கிட்டயும் சொல்லல. கோச் கேட்டாரு, ஏன்டா விட்டேன்னு. வழுக்கிடுச்சுன்னேன். நம்பல." ஓலவி சிரிக்கப் பார்த்தான். "அடுத்த வருஷம் எனக்கு இங்க இடம் இல்லைன்னுட்டாரு. பரவால்ல, எனக்கும் வயசாகுதுல்ல. முட்டி எப்படி இருக்கு அத்தான்?"

இந்த இடத்தில் ஒரு ஆம்பளை என்ன செய்திருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். இல்போவுக்கும் தெரியும். அவன் வாயைத் திறந்தான். எதிரே நிற்கிறவனின் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தைப் பார்த்து, 'முட்டியில் ஒன்றுமே இல்லையடா, உன் அக்காவைப் பிடிக்க வைத்த பொறியடா' என்று எப்படிச் சொல்வது?

"வலிக்குது" என்றான்.

வலது காலை இழுத்து இழுத்து ஐஸிலிருந்து வெளியே வந்தான்.

மார்யுத் நடைவழியில் நின்றிருந்தாள். அவன் நொண்டி வருவதைப் பார்த்ததும் கோபத்தை மறந்து ஓடிவந்து கக்கத்தில் கை கொடுத்தாள். "தப்பா பேசிட்டேன், மன்னிச்சிடு" என்றான் இல்போ. அதில் பொய் ஒன்றும் இல்லை. அவளும் மன்னித்தாள். ஆனால் எதற்காக மன்னிக்கிறோம் என்பதில் பாதிதான் அவளுக்குத் தெரியும் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அணி மேலாளர் அவனுக்கு இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டார். முட்டி போன பிறகும் இப்படி ஆடுகிறானே என்று பத்திரிகையில்கூட எழுதினார்கள். ஓலவிக்கு எந்த அணியிலிருந்தும் அழைப்பு வரவில்லை. ஹார்யுவேசி மரமில்லில் லாரி ஓட்டப் போனான். ஐஸ் பக்கம் பிறகு அவன் வரவே இல்லை.

ஆட்டம் நின்ற பிறகு இல்போவுக்கு ஊர் ஐஸ் அரங்கத்திலேயே தளத்தைத் தேய்க்கிற வண்டி ஓட்டும் வேலை கிடைத்தது. வேலை நேரத்தில் சாதாரணமாக நடப்பான். மார்யுத் வருகிறாள் என்று தெரிந்தால் நொண்டுவான். ஓலவி வீட்டுக்கு வந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக நொண்டுவான். ஊரில் எங்களுக்கெல்லாம் அது ஒரு வேடிக்கை. குளிருக்கு வலிக்கிறது, மழைக்கு வலிக்கிறது என்று ஏதாவது சொல்லிக்கொள்வான். பழைய வியாதியும் போகவில்லை. மார்யுத்துக்குத் தெரியுமோ, அவள் ஓலவியிடம் சொல்லிவிடுவாளோ, தொலைபேசியில் என்ன பேசுகிறாள் என்று காதை அந்தப் பக்கமே வைத்திருப்பான். அவள் முட்டியைப் பற்றிக் கேட்டாலும் சந்தேகம், கேட்காவிட்டாலும் சந்தேகம்.

போன கோடையில் ஓலவி பிள்ளைகுட்டிகளோடு வந்திருந்தான். ஏரிக்கரையில் தீ மூட்டி மாக்காரா என்கிற இறைச்சிக் குழலைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஓலவி குனிந்து தீயைக் கிளறிக்கொண்டிருந்தான். கடுகுக் குழம்பை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள் என்று இல்போ எழுந்தான். இரண்டு பீர் குடித்திருந்தான், பேச்சு சுவாரசியம் வேறு. நாலு அடி நொண்டிப் போயிருப்பான். மார்யுத் தட்டுகளை எடுக்கிற சாக்கில் பக்கத்தில் வந்து, தம்பி காதில் விழாதபடி, அவன் தோளை ஒட்டிக் குனிந்தாள்.

"வலது கால், இல்போ" என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை. குழந்தைக்கு மூக்கைத் துடைத்துவிடுகிறவளின் குரல் மாதிரி இருந்தது. எத்தனை வருஷமாகத் தெரியும் என்று அவன் கேட்கவில்லை. காலை மாற்றிக்கொண்டு கடுகு எடுக்கப் போனான்.